கார்தமிலியில் சும்மா ஒரு நாள்

டிராய்ப் போரின் நடுவே அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான். அவன் வராமல் போரில் வெல்ல முடியாது. கிரேக்கப் படைத் தலைவன் அகமெம்னான் இறங்கி வருகிறான். பொன் தருகிறேன், குதிரை தருகிறேன், என் மகள்களில் ஒருத்தியைக் கட்டிக்கொடுக்கிறேன், சீதனமாகக் கடலோரத்து ஊர்கள் ஏழு தருகிறேன் என்று தூது அனுப்புகிறான். இலியட்டின் ஒன்பதாம் காண்டத்தில் அந்த ஏழு ஊர்களின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. முதல் பெயர் கார்தமிலி. அக்கிலீஸ் எதுவும் வேண்டாமென்று தூதர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த ஊர் இன்றும் அதே பெயரோடு அதே கரையில் இருக்கிறது. ஒரு முழு நாள் அங்கே சும்மா இருந்து பார்த்தவள் என்கிற முறையில் சொல்கிறேன்: அவன் கோபம் சாதாரணக் கோபம் அல்ல.

கிரேக்கத்தின் தென்கோடியில் பெலொப்பொனீஸ் நிலப்பரப்பு மூன்று முனைகளாகக் கடலுக்குள் நீள்கிறது. நடுமுனைக்கு மானி என்று பெயர். அதன் மேற்குக் கரையில், கலமாட்டா நகரத்துக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் கார்தமிலி. தூரம் கொஞ்சம்தான். ஆனால் பஸ் மலையைச் சுற்றி ஏறி மறுபடி சுற்றி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கடைசி இறக்கத்தில் ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்: ஓடு வேய்ந்த கல்வீடுகள், நெட்டையான சைப்ரஸ் மரங்கள், கரைக்குப் பக்கத்திலேயே மெரோப்பி என்ற குட்டித் தீவு. ஊருக்குப் பின்னால் 2,407 மீட்டர் உயரத்துக்கு எழும் தைகெதோஸ் மலைத்தொடர். மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த சிறு இடத்தில் சில நூறு பேர் குடியிருக்கிறார்கள். கடைத்தெரு ஒன்றே ஒன்று, நெடுஞ்சாலையும் அதுதான்.

பயணத் திட்டம் போட்டது அக்கா. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள். மைசீனியின் சிங்க வாசல், எபிடாரஸ் அரங்கம், மிஸ்த்ராவின் பைசாந்தியக் கோயில்கள் என்று நாள்வாரியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். அவற்றின் நடுவே ஒரு கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தாள். “அன்னைக்கு எதையும் தேடிப் போக வேண்டாம்டி. பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தா அதுவா வந்து முன்னாடி நிக்கட்டும்” என்றாள்.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு நாளை இப்படி விடுவது சுலபமில்லை. டிக்கெட், விசா, அறை வாடகை என்று மனம் உள்ளுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். பார்க்காமல் விட்டதையெல்லாம் இழப்புக் கணக்கில் எழுதும். கார்தமிலியில் அந்தக் கணக்கு எனக்கு ஓடவே இல்லை. அதை நிறுத்தியது இந்த ஊர்தான் என்று நம்புகிறேன். உட்கார்ந்திருப்பதற்கு வேண்டிய எல்லா வசதியையும் அது பல தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறது. காபிக்கடை வழக்கமும் கடலின் குணமும் அடுப்படி முறையும் நாட்டுச் சட்டமும்கூட அதற்குத் துணை நிற்கின்றன.

காலை எட்டு மணிக்குக் கடைத்தெருவில் காஃபெனியோவின் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. காஃபெனியோ என்றால் ஊர்க் காபிக்கடை. பெரும்பாலும் வயதான ஆண்கள். ஒருவர் கையில் கொம்போலோய் மணிச்சரம், விரல்களுக்கிடையே கிளிக் கிளிக்கென்று விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தாவ்லி ஆடினார்கள். பகடை உருளும் சத்தம் தெருவின் அந்தக் கோடி வரை கேட்டது. கிரேக்கக் காபியைக் கேட்டால் முதலில் சர்க்கரையைப் பற்றித்தான் கேட்பார்கள். சர்க்கரை இல்லாமல் ஸ்கேத்தோ, அளவாக மேத்ரியோ, நிறையப் போட்டால் கிளிக்கோ. நீண்ட கைப்பிடி வைத்த ப்ரிக்கி என்ற குட்டிப் பாத்திரத்தில் பொடியும் சர்க்கரையும் தண்ணீரும் ஒன்றாகவே அடுப்பேறுவதால் பிறகு கலக்கிக்கொள்ள வழியில்லை. பொங்கி நுரை எழும்பும் நேரத்தில் இறக்கி, நுரை உடையாமல் கோப்பையில் ஊற்றுகிறார்கள். பொடி அடியில் தங்குவதற்குக் காத்திருக்க வேண்டும். மேலாக உறிஞ்ச வேண்டும். அடிமண்டியைத் தொடாமல் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டால் வாயெல்லாம் தூள். ஆக, இந்தக் காபியை மெதுவாகத்தான் குடிக்க முடியும்.

கேட்காமலே பெரிய கிளாஸில் குளிர்ந்த தண்ணீர் வந்தது. பில்லைச் சுருட்டி ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் செருகி மேசையில் வைத்துவிட்டுப் போனார் கடைக்காரர். அதை எப்போது எடுத்துப் பார்ப்பது என்பது நம் விருப்பம். இளைஞர்கள் ஐஸ் போட்ட ஃப்ராப்பேயும் ஃப்ரெட்டோவும் ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்கள். ஃப்ராப்பே 1957-இல் தெசலோனிகி பொருட்காட்சியில் பிறந்தது. சுடுதண்ணீர் கிடைக்காத நெஸ்லே ஊழியர் ஒருவர் உடனடிக் காபித்தூளைக் குளிர்ந்த நீரில் போட்டுக் குலுக்கிப் பார்த்தாராம். இன்று ஒரு ஃப்ராப்பேயை வைத்துக்கொண்டு முழுக் காலையையும் கழிப்பது இங்கே பெரிய கலை. நாங்கள் எழுந்திருக்கப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மா தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். லலாங்கியா: மாவை மெல்லிய கயிறாகத் திரித்து, மடக்கி, ஆலிவ் எண்ணெயில் பொரித்தது. மானியின் பலகாரம். கைமுறுக்கின் ஒன்றுவிட்ட தங்கை. அக்கா ஒன்றை ஒடித்து முகர்ந்து பார்த்துவிட்டு, “சீரகம் போட்டா நம்ம வீட்டுதுதான்” என்றாள். எழுந்திருக்கும் யோசனை இன்னும் அரை மணி தள்ளிப்போனது.

அந்த அரை மணியில் தெற்கே போகும் பஸ் வந்தது. அடுத்தடுத்த ஊர்களில் ஸ்தூபா ஒன்று. நீக்கோஸ் கசான்ட்சாகிஸ் முதல் உலகப் போர்க் காலத்தில் அங்கேதான் யோர்கிஸ் சோர்பாஸ் என்பவரோடு சேர்ந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்தினார். சுரங்கம் நொடித்துப்போனது. சோர்பாஸ் பிற்பாடு ‘சோர்பா’ நாவலில் உலகப் புகழ் பெற்றார். கதையில் சுரங்கம் கிரீட் தீவுக்குப் போய்விட்டது. போய்ப் பார்க்கலாமா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அவள் லலாங்கியா தின்றுகொண்டிருந்தாள். பஸ் போய்விட்டது.

ஊருக்கு வடக்கே பத்து நிமிட நடையில் ரிட்சா கடற்கரை. போகிற வழியில் அகலமான வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றைக் கடக்க வேண்டும். வீரோஸ் பள்ளத்தாக்கு அது. தைகெதோஸின் மேலிருந்து செங்குத்தாக வெட்டிக்கொண்டு இறங்கி இந்த இடத்தில் கடலைத் தொடுகிறது. மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் மழைநீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. கோடை முழுவதும் படுகையில் ஒரு சொட்டு இருக்காது. குளிர்காலப் பெருமழைக்கு மட்டும் வெள்ளம் புரண்டு வந்து மலையை உடைத்து உருட்டி இறக்கும். அந்தக் கற்களைக் கடல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியதுதான் ரிட்சா. மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். உள்ளங்கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காய்ந்தபோது சுண்ணாம்பு வெள்ளை. நீரில் நனைத்ததும் சாம்பல் நிறமாகி, குறுக்கே நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு. அடுத்த கல்லில் ரோஜா நிறம் ஓடியது. அலை திரும்பும்போது ஆயிரம் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு கலகலவென்று சத்தம் எழுப்புகின்றன. வெறுங்காலோடு நடப்பது கஷ்டம். அதற்கென்று ரப்பர் செருப்பு கடைத்தெருவில் விற்கிறார்கள்.

வங்கக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடல் முதலில் நம்ப முடியாததாக இருக்கும். அலை கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. ஏற்றவற்றம் என்பது ஏறக்குறைய இல்லை. மத்தியதரைக் கடல் ஜிப்ரால்டரின் குறுகலான வாயைத் தவிர எங்கும் பெருங்கடலோடு பெரிதாகத் தொடர்பில்லாதது. அதனால் இந்தக் கரைகளில் நீர்மட்டம் நாள் முழுக்க ஒரு சாண் அளவுக்குத்தான் ஏறி இறங்கும். உணவகத்து மேசைகளைத் தண்ணீர் ஓரத்திலேயே போட முடிவது அதனால்தான். வெயிலில் ஆவியாகும் அளவுக்கு ஆறுகளும் மழையும் ஈடு கொடுக்காததால் உப்பும் அதிகம். பெருங்கடல்களில் கிலோவுக்கு 35 கிராம் என்றால் இங்கே 38, 39. கங்கையும் கோதாவரியும் நன்னீர் கொட்டும் நம் வங்காள விரிகுடாவில் இன்னும் குறைவு.

இந்த உப்புக் கணக்கை அக்காவுக்கு உடம்பால் விளக்கியவர்கள் ஊர்ப் பாட்டிகள். மூன்று நான்கு பேர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கழுத்தளவு நீரில் மிதந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நீந்தவில்லை. எங்கும் போகவில்லை. பேச்சு மட்டும் நடந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேல். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. சுடிதாரோடு இடுப்பளவு நீரில் கரையைப் பிடித்தாற்போல உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டி பக்கத்தில் வந்து, சைகையிலும் பத்துப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளிலும் விசாரித்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், இவள் உன் தங்கையா, அவளுக்கு எத்தனை பிள்ளைகள். விசாரணை முடிந்ததும் அக்காவின் முதுகுக்குக் கீழே ஒரு கையை வைத்து, “தலையைப் பின்னால் போடு, வயிற்றை மேலே தூக்கு” என்று காட்டினார். பிறகு கையை எடுத்துவிட்டார். அக்கா மிதந்தாள். கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் விரல்கள் நீருக்கு மேலே தெரிய, அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாகக் கடல்மேல் மிதந்தாள். பாட்டிகள் கைதட்டினார்கள். பார்க்க வேண்டியது தானாக வந்து நின்றுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கரையேறித் தலை துவட்டும்போது அக்கா பாசானியஸ் சொன்ன கதையை எடுத்தாள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடெங்கும் சுற்றிக் கோயில் கோயிலாகக் குறிப்பெடுத்தவர் அவர். கார்தமிலிக்கு வந்து, கடற்கரைக்குப் பக்கத்தில் கடல் கன்னியருக்கு ஒரு புனித இடம் இருந்ததை எழுதியிருக்கிறார். அக்கிலீஸின் மகன் கல்யாணம் செய்துகொள்ள ஸ்பார்ட்டாவுக்குப் போகிற வழியில், அவனைப் பார்ப்பதற்காகக் கடலின் பெண்கள் நீரிலிருந்து எழுந்து கரைக்கு வந்தார்களாம். அப்பன் மறுத்த ஊரில் பிள்ளைக்கு இந்த வரவேற்பு. கதையைச் சொல்லி முடித்துவிட்டு அக்கா பாட்டிகள் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். தொப்பிகள் பதிலுக்கு அசைந்தன.

நீர் இவ்வளவு தெளிவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு வறுமை இருக்கிறது. கிழக்கு மத்தியதரைக் கடலில் சத்து குறைவு. மிதவை நுண்ணுயிர்கள் குறைவு. அதனால்தான் நாலு ஆள் ஆழத்தில் கிடக்கும் கல்லும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால்தான் மீனும் குறைவு. உணவகங்களில் நல்ல மீன் கிலோ விலைக்கு, தங்கம்போல் நிறுத்து விற்கப்படுகிறது. இந்தக் கரையை உண்மையில் வாழவைத்தது கடலைவிட ஆலிவ் மரம்தான் என்பது என் எண்ணம். மலைச்சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிவரப்புகளில் எங்கு பார்த்தாலும் அதுவே. பெரும்பாலும் கொரொனேய்கி ரகம்: காய் விரல் நுனி அளவுதான், எண்ணெய் அபாரம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. மரங்களில் காய் பச்சையாக இறுகிக் கிடந்தது. நவம்பரில் மரத்தடியில் வலை விரித்து அடித்து உதிர்ப்பார்கள். உலகமெங்கும் பாட்டிலில் விற்கும் கறுத்துப் பருத்த கலமாட்டா ஆலிவ் வேறு ரகம். அது ஊறுகாய்க்கு.

மதியச் சாப்பாடு தண்ணீரோரத்து மேசையில். அக்கா சைவம். கிரேக்கத்தில் சைவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கிளம்பும் முன்பு ஊரில் கேட்காதவர்கள் இல்லை. விடை அவர்களுடைய சமய நாட்காட்டியில் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் விரத நாட்களைக் கூட்டினால் ஏறக்குறைய அரை வருஷம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, போதாததற்குப் புதனும் வெள்ளியும். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. பல நூற்றாண்டுகளாக வீட்டுப் பெண்கள் காய்கறியையும் பருப்பையும் ஆலிவ் எண்ணெயையும் மட்டும் வைத்துக்கொண்டு ருசியாகச் சமைத்துப் பழகியிருக்கிறார்கள். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: இரத்தமில்லாத உயிர்கள் என்ற கணக்கில் ஆக்டோபஸும் இறாலும் விரதத்துக்கு ஆகும். அதைத் தனியாகச் சொல்லித் தவிர்க்க வேண்டும்.

அன்று எங்களுக்கு வந்தவை: தக்காளிச் சாற்றில் அடுப்பில் வெந்த பெரிய வெள்ளைப் பீன்ஸ், அரிசி அடைத்த குடைமிளகாய், வேகவைத்த மலைக்கீரையின்மேல் எலுமிச்சையும் எண்ணெயும், பிரியாம் என்கிற காய்கறிக் கலவை, கத்தியால் அறுக்க வேண்டிய மொறுமொறுப்பான ரொட்டி. பிரியாமில் உருளைக்கிழங்கு விளிம்பில் கருகி, கத்தரிக்காய் தோல் மட்டும் மிஞ்சிக் குழைந்து, அடியில் எண்ணெயும் தக்காளியும் சேர்ந்து ஆரஞ்சு நிறக் குழம்பாகத் தேங்கியிருந்தது. ரொட்டியால் அதைத் துடைத்துச் சாப்பிடுவதை யாரும் குறையாக நினைப்பதில்லை. இவற்றை எண்ணெய்ப் பதார்த்தங்கள் என்றே வகைப்படுத்துகிறார்கள். கொதிக்கக் கொதிக்கப் பரிமாறுவதில்லை. ஆறி வெதுவெதுப்பானால்தான் ருசி என்பது அவர்கள் கொள்கை. பக்கத்து மேசைக்குச் சிறிய உலோகக் குடுவையில் ஒயின் போனது. அக்காவுக்கு உடனே அரிக்கமேடு நினைவுக்கு வந்துவிட்டது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றி வந்தவை. ஏஜியன் கடலின் கோஸ் தீவுப் பாணியில் செய்தவையும் அவற்றில் உண்டு. “இதே எண்ணெய் புதுச்சேரிப் பக்கம் ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே வந்து இறங்கியிருக்கு. நமக்குத்தான் இப்ப புதுசா இருக்கு” என்று ரொட்டியைத் துடைத்தாள்.

மூன்று மணிக்குத் தெரு அடங்கியது. கதவுப் பலகைகள் மூடின. இதை வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன், சட்டமே இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய மதியம் 3 மணியிலிருந்து 5.30 வரை, பிறகு இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை நாடு முழுவதும் பொது அமைதி நேரம். அந்த நேரத்தில் துளைக்கருவி போடக்கூடாது, பாட்டைச் சத்தமாக வைக்கக்கூடாது. மீறினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடலாம். மதியத் தூக்கத்துக்கு அரசாங்கம் காவல் நிற்கிற நாடு இது. நான் படித்த சட்டங்களில் இதைவிடக் கருணையான ஒன்று எனக்கு நினைவில்லை.

இதை வைத்து இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. 2010-க்குப் பிறகு வந்த கடன் நெருக்கடிக் காலத்தில் வட ஐரோப்பாவில் பலர் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண்டுக்கு அதிக மணி நேரம் உழைப்பவர்களின் வரிசையில் கிரேக்கர்கள் முன்னணியில் இருக்கிறார்கள். ஜெர்மானியர்களைவிடப் பல நூறு மணி நேரம் கூடுதல். எங்களுக்குச் சாப்பாடு போட்ட குடும்பம் காலை ஏழு மணிக்குக் காய் நறுக்க ஆரம்பித்து நள்ளிரவில் நாற்காலியைக் கவிழ்க்கிறது. அந்த நடுப்பகல் இரண்டரை மணி நேரம் இல்லாவிட்டால் அவர்கள் ஒரு கோடையைக்கூடத் தாண்ட மாட்டார்கள். அந்த நேரத்தை அவர்களுக்குப் பறிக்காமல் விட்டுவைத்திருப்பதற்காக இந்தச் சமூகத்தின்மேல் எனக்கு மரியாதை கூடியது. நாங்களும் அறைக்குப் போய்ப் படுத்தோம். அக்கா தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் பலகையின் இடுக்கு வழியே வந்த வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

கையில் இருந்தது பேட்ரிக் லீ ஃபெர்மரின் ‘மானி’, 1958-இல் வந்த புத்தகம். பதினெட்டு வயதில், 1933 டிசம்பரில், ஹாலந்தின் கடற்கரையிலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குக் காலால் நடக்கப் புறப்பட்டவர் அவர். இரண்டாம் உலகப் போரில் கிரீட் மலைகளில் எதிர்ப்புப் படையோடு மறைந்து வாழ்ந்து, 1944-இல் ஜெர்மானியத் தளபதி ஒருவரையே கடத்திக்கொண்டு போனவர். எங்கும் நிற்காத அந்த மனிதர் கார்தமிலிக்கு வந்து நின்றுவிட்டார். ஊருக்குச் சற்றுத் தெற்கே கலமிட்சி என்ற சிறு வளைகுடாவுக்கு மேலே, அறுபதுகளில், அவரும் அவர் துணைவி ஜோனும் கூடாரம் அடித்துத் தங்கி உள்ளூர்க் கொத்தனார்களோடு கல் கல்லாக வீடு கட்டினார்கள். 2011-இல் இறக்கும் வரை அதுவே வீடு. இப்போது ஏதென்ஸின் பெனாகி அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். தன் பெரு நடையின் கதையை மூன்று பாகமாக எழுத நினைத்தார். முதல் பாகம் 1977-இல், இரண்டாவது 1986-இல். மூன்றாவதை அவர் வாழ்நாளில் முடிக்கவில்லை. மிஞ்சியிருந்த கையெழுத்துப் பிரதியிலிருந்து 2013-இல் பிறர் தொகுத்தார்கள். அந்தக் கடலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தவர் நடையின் கடைசிக் கட்டத்தை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

புரூஸ் சாட்வின் இன்னொருவர். மனிதன் நடக்கப் பிறந்தவன், ஓரிடத்தில் தங்கியதுதான் அவன் நோய்களுக்கெல்லாம் வேர் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பாட்டுப் பாதைகளைப் பற்றிய தன் புத்தகத்தில் உழல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கார்தமிலி. 1989-இல், நாற்பத்தெட்டு வயதில் இறந்தார். அவருடைய சாம்பலை ஊருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள சின்னஞ்சிறு பைசாந்தியக் கோயிலுக்குப் பக்கத்தில், ஆலிவ் மரங்களுக்கிடையே புதைத்தார்கள். நடையைப் பற்றி எழுதியவர்கள் இருவரும் இங்கே தங்கிவிட்டது எனக்கு முரணாகத் தெரியவில்லை. நிறைய நடந்தவர்களுக்குத்தான் உட்காரத் தகுந்த இடம் அடையாளம் தெரியும்.

ஐந்தரைக்கு மேல் பழைய கார்தமிலி பக்கம் போனோம். தேடிப் போனதாகச் சொல்ல முடியாது, விடுதிக்குப் பின்னால் ஏறும் கல்பாதை அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. மூர்ட்சினோஸ் குடும்பத்தின் கோபுர வீடு, அதன் முன்னால் புனித ஸ்பிரிடான் கோயிலின் நெட்டையான மணிக்கூண்டு, சுற்றிலும் சப்பாத்திக் கள்ளி. மானிக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டே வாழ்ந்தவர்கள். குடும்பப் பகை தலைமுறைகளைத் தாண்டும். அதற்காகவே வீடுகளைக் கோபுரமாகக் கட்டினார்கள். எதிரி வீட்டைவிட ஒரு மாடி உயர்ந்துவிட்டால் மேலிருந்து சுடலாம். துருக்கிய ஆட்சி இந்தப் பாறைக்குள் முழுதாக இறங்கியதே இல்லை. 1821 ஜனவரியில் விடுதலைப் போர்த் தளபதி கொலோகோத்ரோனிஸ் வந்து தங்கியது மூர்ட்சினோஸ் குடும்பத்திடம்தான். மார்ச் 23-இல் மானிப் படைகள் கலமாட்டாவை விடுவித்தன. கிரேக்க விடுதலைப் போர் தொடங்கிய நாட்கள் அவை. அந்தத் துப்பாக்கி ஓட்டைகளின் கீழ் இன்று ஒரு பூனை படுத்திருந்தது. இவ்வளவு ரத்தம் பார்த்த ஊருக்குத்தான் அமைதி நேரத்தின் மதிப்பு தெரியும் என்று அக்கா சொன்னாள். வரலாற்று ஆசிரியை சொன்னதை நான் மறுக்கவில்லை.

சூரியன் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், கொரொனி முனையின் குன்றுகளுக்குப் பின்னால் இறங்கியது. அந்த நேரத்தில் எல்லோரும் கடலைப் பார்க்கிறார்கள். திரும்பி மலையைப் பார்க்க வேண்டும். தைகெதோஸின் சாம்பல் பாறை இளஞ்சிவப்பாகி, கொஞ்ச நேரம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது. தெருவில் ஊரே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு மேலும் கீழும் உலாவியது. காலையில் தொப்பியோடு மிதந்த பாட்டி இப்போது உதட்டுச்சாயம் பூசி, பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்காவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்து மிதப்பதுபோல் காட்டினார்.

இரவும் அதே உணவகம்தான். சாப்பாடு முடிந்ததும் அக்கா அந்த வீட்டம்மாவிடம் பிரியாம் எப்படிச் செய்வது என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். மறுநாளுக்கான தட்டு தயாராகிக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், சுக்கினி, வெங்காயம், குடைமிளகாய் எல்லாம் ஒரே தடிமனில் வட்டம் வட்டமாக. மேலே துருவிய தக்காளி, உப்பு, மிளகு, ஓரெகானோ. தண்ணீர் கிடையாது. மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல, அக்கா நோட்டில் எழுதினாள். “எண்ணெய் எவ்வளவு?” என்று கேட்டாள். அந்த அம்மா பதினேழு லிட்டர் தகர டின்னைச் சாய்த்தார். ஊற்றினார். அக்கா போதும் என்று நினைத்த இடத்தைத் தாண்டி இன்னும் ஊற்றினார். “இவ்வளவு” என்றார் மகன்.

எண்ணெய் அவர்களுடைய மரத்திலிருந்து வந்தது, போன குளிர்காலத்து அடிப்பு. விற்பதற்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கழுத்துவரை நிரப்பி, மூடியின்மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, செய்தித்தாளில் உருட்டி அக்காவின் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

அறைக்கு வந்ததும் அக்கா பெட்டியைக் கட்டிலில் திறந்து வைத்து யோசித்தாள். மிஸ்த்ராவில் வாங்கிய இரண்டு தடித்த புத்தகங்களை வெளியே எடுத்தாள். இரண்டு புடவைகளுக்கு நடுவே பாட்டிலைப் படுக்க வைத்து, துண்டைச் சுற்றி, ஜிப்பை இழுத்து மூடினாள். புத்தகங்கள் என் பக்கம் வந்தன.

“சிந்தாம கொண்டுபோய்ச் சேர்க்கணும்டி. இதை உன் பையில வை. நாளைக்கு ஏழே கால் பஸ், அலாரம் வச்சுட்டுத் தூங்கு.”